கல்லில் எழுதிய மொய்

எங்கள் குடும்பத்தில் சரித்திரச் சுற்றுலா என்பது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே கிடைக்கும் இடைவேளை. தஞ்சாவூர் என்று முடிவானதுமே அத்தை போட்ட பட்டியலில் திருவையாறு அசோகா, கும்பகோணம் டிகிரி காபி, கும்பகோணம் வெற்றிலை எல்லாம் இருந்தன. பெரிய கோயில் இல்லை. கேட்டதற்கு, "அது எங்கே போயிடப் போகுது? ஆயிரம் வருஷமா அங்கேதானே நிக்குது. அசோகா ஆறிப்போயிடும்டா" என்றார். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அந்த அல்வா தொண்டையில் இறங்கியபோது, அத்தையின் வாதத்தில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது ரவுண்டில் வேன் டிரைவரும் சேர்ந்துகொண்டார்.

ஆக, பெரிய கோயிலுக்குள் நுழையும்போது மாலை நாலரை. கல்லில் சூடு இன்னும் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிய கையோடு மூன்று தலைமுறையும் ஒரே தாளத்தில் ஆடியது. சித்தப்பா மட்டும் விறுவிறுவென்று ஓடி, நல்ல நிழலாகப் பார்த்து நின்றுகொண்டார். எங்களையும் அங்கே கூப்பிட்டு, அண்ணாந்து பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இந்தக் கோபுரத்தோட நிழல் மட்டும் தரையில விழவே விழாது."

அவர் நின்றிருந்ததே அந்த விமானத்தின் நிழலில்தான். 216 அடி உயரக் கல் மலைக்கு நிழல் விழாமல் என்ன செய்யும்? காலையில் மேற்கே விழுகிறது, மாலையில் கிழக்கே விழுகிறது. ஆனால் குடும்பம் மொத்தமும் அந்த நிழலில் ஒண்டிக்கொண்டு, நிழலே இல்லை என்பதற்குப் பயபக்தியோடு தலையாட்டியது. அப்படியொரு அபத்தத்தை நம்புவதற்கும் கால் சுடாத இடம் வேண்டியிருக்கிறது.

சித்தப்பா நிறுத்தவில்லை. உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல்லாம். அது பல கற்களைச் சேர்த்துக் கட்டியது என்று ஆய்வாளர்கள் சொல்வதை அவரிடம் யார் சொல்வது? கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் வைத்த நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்களாம். இன்று நாம் பார்க்கும் நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜன் அதைப் பார்த்ததே இல்லை.

இத்தனைக்கும் ராஜராஜன் எதையும் நம் கற்பனைக்கு விட்டுவைத்த ஆள் இல்லை. ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்தேன் என்று நாள்கணக்கோடு எழுதிவைத்தவன். நம் கணக்கில் அது 1010. தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது அத்தனையையும் கல்லில் வெட்டச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறான். தமிழ்நாட்டிலேயே கனமான மொய் நோட்டு அந்தச் சுவர்தான். எழுதுகிற ஆசை சுவரிலிருந்தே தொற்றும் போலிருக்கிறது: 1803-இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியும் தன் போன்ஸ்லே வம்சத்தின் கதையை மராத்தியில் இதே கோயிலில் வெட்டிவைத்தார்.

எனக்குப் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு. ஆடுவதற்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 பெண்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு. தபால்காரர் மட்டும்தான் பாக்கி. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர், தையற்காரர், நாவிதர், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. யாராவது இறந்துபோனால் அந்த வேலையும் பங்கும் நெருங்கிய உறவினருக்கு. அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும்.

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமாவுக்கு உயிர் வந்தது. அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்.

"வாரிசு வேலையா? அப்போ பஞ்சப்படி?"

அவரே யோசித்து, "நெல்லாவே கொடுத்துட்டா விலைவாசி ஏறினாலும் கவலையில்லை. விவரமானவன்தான்" என்று ராஜராஜனுக்கு நற்சான்றிதழ் வழங்கினார். நிழல், நந்தி, எண்பது டன் எதுவுமே மாமாவை அசைத்திருக்கவில்லை.

அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தான் கொடுத்ததுக்கு அடுத்தபடியா அக்கா கொடுத்ததைச் சொன்னானா?"

"ஆமாம் அத்தை. குந்தவை கொடுத்ததுக்கே தனியா பட்டியல் இருக்கு."

அத்தை மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினார். "உன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஒரு ஜோடி குத்துவிளக்கு கொடுத்தேனே, தம்பி. அதை எங்கேடா எழுதி வச்சிருக்கே?"

"அதை விடுங்க அண்ணி" என்று சித்தி குறுக்கே வந்தார். "பொண்டாட்டிங்க கொடுத்தது அக்காவுக்கு அப்புறம்தானா? அதைச் சொல்லுங்க முதல்ல."

சித்தப்பா அவசரமாக எதிரே கையைக் காட்டி, நந்தி இப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, போனமுறை வந்தபோது இதைவிடச் சின்னதாக இருந்தது என்றார்.