பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

அச்சு இயந்திரம் பழுதுபார்ப்பது என் தொழில். எண்பதுகளின் கடைசியில் அடிக்கடி சிவகாசிக்குப் போவேன். காலண்டர், நோட்டுப்புத்தகம், தீப்பெட்டி லேபிள் என்று ஊரே அச்சடித்துக்கொண்டிருந்த காலம். சீசனில் இரவு முழுக்க இயந்திரம் ஓடும். விடியும் முன் வேலையை முடித்துவிட்டு டீக்கடைக்கு வந்தால் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் வந்து நிற்கும். சுற்றுப்பட்டிகளுக்குப் போய் இருட்டோடு ஆள் ஏற்றி வருபவை. இறங்குகிறவர்களில் எத்தனையோ பேர் பிள்ளைகள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். தூக்குவாளியைப் பிடித்தபடி, தூக்கம் கலையாமலே உள்ளே போவார்கள். கரிசல் காட்டில் மழை பொய்த்தால் வேறு பிழைப்பில்லை. வாங்கிய அட்வான்ஸைக் கழிக்கப் பிள்ளை போயாக வேண்டும். குச்சி அடுக்கினாலும் பெட்டி ஒட்டினாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி.

டீக்கடையில் ஒரு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மூணாப்பு வரைக்கும் போனேன் அண்ணாச்சி. தம்பி பொறந்ததும் நிப்பாட்டிட்டாங்க."

"கூலி உன் கையிலயா தருவாங்க?"

"அம்மா பேர்லதான் எழுதுவாங்க."

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். கூலிப் பதிவேட்டில் எழுதவே இல்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் 14 வயது நிரம்பாதவர்களை வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. பெயரே இல்லாத பிள்ளையைச் சட்டம் எங்கே போய்த் தேடும்?

அன்று காலையே ஓர் அச்சக முதலாளி வீட்டில் சாப்பிட்டேன். அவர் மகன் ஷூ மாட்டிக்கொண்டு காரில் ஏறினான். அடுத்த வருடம் ஊட்டியில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்குப் போகிறான், இடம் எப்போதோ பதிந்தாகிவிட்டது என்றார். நல்ல மனிதர், மகன்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பையனும் டீக்கடையில் பார்த்த சிறுமியும் ஒரே வயதுதான் இருப்பார்கள்.

சிவகாசி மாறியிருக்கிறது, அதை மனதாரச் சொல்கிறேன். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990இல் வந்து வெளியுலகை உலுக்கியது. சட்டத்தை மீறிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடந்தன. எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவு, பள்ளிக்குப் போனால் மதியச் சோறு நிச்சயம் என்ற தைரியத்தை ஏழைத் தாய்க்குக் கொடுத்தது. 2022இல் காலை உணவும் வந்தது. இவற்றையெல்லாம்விடப் பெரிது அந்தத் தாய்மாரின் பிடிவாதம். குச்சி அடுக்கிய தலைமுறைதான், என் பிள்ளை அடுக்காது என்று நின்றது. இப்போது போனால் விடிகாலை வண்டிகளில் பெரியவர்களைத்தான் பார்க்கிறேன். பிள்ளைகள் சீருடையில் பள்ளிப் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

இப்போது எனக்கு வேலை அதிகம் திருவள்ளூர்ப் பக்கம். வழியெங்கும் செங்கல் சூளைகள். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அறுவடை முடிந்ததும் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ரயிலேறினால், மழைக்காலம் தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். பள்ளி ஆண்டின் பாதி அங்கே, பாதி இங்கே. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, எழுதுவது அப்பன் பெயரில். காயும் கல்லைத் திருப்பிப் போடுவது பிள்ளைகள். ஒடியாப் பாடநூல் வரவழைத்துச் சூளையிலேயே வகுப்பு நடத்திய முயற்சிகளும் இங்கே நடந்திருக்கின்றன. அவை எட்டாத சூளையில் பிள்ளை மண்ணில்தான் கிடக்கிறது.

அதே சாலையில் குளிரூட்டிய பள்ளிப் பேருந்துகள் போகின்றன. உள்ளே கேமரா இருக்கிறது. வண்டி எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று வீட்டிலிருக்கும் தாய் கைபேசியில் பார்த்துக்கொள்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை, ஒவ்வொரு பிள்ளையையும் அப்படித்தான் காக்க வேண்டும். ஆனால் சூளையில் கல் திருப்பும் பிள்ளை இந்த மாதம் எங்கே இருக்கிறது என்று அதன் ஊர்ப் பள்ளிக்கும் தெரியாது, இந்த ஊர்ப் பள்ளிக்கும் தெரியாது. அன்று ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நடந்தது இன்று மொழி தெரியாத பிள்ளைகளுக்கு நடக்கிறது. அவர்களுக்காகக் குரல் கொடுக்க இங்கே உறவுக்காரர் இல்லை, ஓட்டும் இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். வீடு கட்ட லோடு கணக்கில் கல் எடுப்பவர்கள் ஒருமுறை சூளைக்கே போய்ப் பாருங்கள். பள்ளி நேரத்தில் அங்கே பிள்ளைகள் கல் திருப்பிக்கொண்டிருந்தால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது.