ரிவர்ஸ் கேமராவுக்கும் ஒரு பொட்டு

ஆயுத பூஜைப் பொரி நமத்துப்போய், மிச்சத்தைக் காக்காய்க்குப் போட்டாயிற்று. என் காரின் ரிவர்ஸ் கேமராவில் வைத்த பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று காலை வேலப்பன்சாவடியில் ஒரு கடை வாசலிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். திரையில் பூந்தமல்லி நெடுஞ்சாலை முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தது. பின்னால் நிற்பது மாடா, மாநகரப் பேருந்தா என்று புரியாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பிடித்த சுளுக்கு இன்னும் விடவில்லை. பொட்டைப் பற்றி முக்கியமான ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தப் பொட்டு வைக்கிற ஆட்களைக் கவனிப்போம்.

முதல் ரகம், வைப்பவர். மோதிர விரலால் சந்தனம், அதன் நடுவில் கடுகளவு குங்குமம். பீரோவுக்கே அழகு வந்துவிடும். இவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். அடுத்தவர் தீற்றுபவர். மூன்று விரலையும் முக்கி ஃபிரிட்ஜ் கதவில் ஓர் இழுப்பு இழுத்தால் கைப்பிடியில் தொடங்கி ஃப்ரீசரில் போய் முடியும். மூன்றாமவர் அப்புபவர். கிரைண்டர், சிலிண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒன்று. அதற்குக் கீழே வழிந்தது ஒன்று. நான்காமவர் தெளிப்பவர். அவருக்கு நேரமில்லை. சந்தனத்தைக் கரைத்து மாவிலையால் மொத்த வீட்டுக்கும் ஒரே வீச்சு. லேப்டாப் கீபோர்டில் 'க' அடித்தால் 'ங'வும் சேர்ந்து வருகிறதே, அது அவர் கைங்கரியம்.

ஐந்தாமவர்தான் ஆபத்தானவர். பூஜையெல்லாம் முடிந்த பிறகு விரலில் ஒட்டியிருப்பதை எங்கே துடைப்பது என்று பார்ப்பவர். சுவிட்ச் போர்டு, லிஃப்ட் பொத்தான், பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சீட்டு, மாடிப்படிச் சுவர். அது பொட்டே இல்லை, வெறும் கை துடைப்பு. நாமோ அதையும் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

என் கேமராவில் அப்பியவர் எங்கள் அடுக்ககத்துச் செக்யூரிட்டி அண்ணன். "ஏண்ணே, அதுல போய் வச்சீங்க?" என்றேன். "கேமராவும் கண்ணுதானே சார், அதுக்கும் கண்ணு பட்டுடக் கூடாதுல்ல" என்றார். துடைத்துவிடவா என்று கேட்டதற்கு, "தானா போகணும் சார். நாம அழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

தானாகப் போவது அந்தக் காலத்துக் குங்குமம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், வீட்டிலேயே செய்தார்கள். இப்போது பாக்கெட்டில் வருவதில் பலவும் சாயப்பொடி. வெள்ளை ஃபிரிட்ஜில் பட்டால் ஃபிரிட்ஜ் போனாலும் அது போகாது. சந்தனம் தீர்ந்துவிட்டது என்று மஞ்சளைக் குழைத்து வைக்கிற வீடுகளில் இன்னும் வேடிக்கை. சோப்பைப் போட்டுத் தேய்த்தால், சோப்பிலும் காரம் இருப்பதால், அந்த மஞ்சளும் சிவந்து நிற்கும்.

இந்த வட்டாரத்தில் இதைப் பேசியும் பிரயோஜனமில்லை. வேலப்பன்சாவடியில் திரும்பினால் திருவேற்காடு. புது வண்டி வாங்கியவர் கருமாரியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வீடு திரும்ப மாட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துக்கு ஆண்டு முழுக்க எண்ணெய். ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம். அந்தப் பக்கம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம். ஆயுத பூஜை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நாம் நகவெட்டிக்கும் டிவி ரிமோட்டுக்கும் செய்துகொண்டிருக்கிறோம்.

2019 அக்டோபர் 8 அன்று பிரான்ஸில் முதல் ரஃபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அதன்மேல் 'ஓம்' எழுதினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். ஊரெல்லாம் கேலி செய்தது. எங்கள் தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. பழம் சரியாக நசுங்கியதா என்றுதான் விசாரித்தார்கள். நான் கவனித்தது வேறு. அமைச்சர் எழுதியது விமானத்தின் உடம்பில்; விமானி பார்க்கிற கண்ணாடியில் இல்லை. அந்த விவரம் எங்கள் செக்யூரிட்டி அண்ணனுக்கு இருந்திருந்தால் என் கழுத்து பிழைத்திருக்கும்.

முக்கியமான விஷயம் என்று ஒன்று சொன்னேன். சுளுக்கு வலியில் அது என்னவென்று மறந்துவிட்டது. ஒரு வேண்டுகோளோடு விடுகிறேன். அடுத்த ஆயுத பூஜைக்கு பானட்டில் வையுங்கள், ஸ்டியரிங்கில் வையுங்கள், ஸ்டெப்னிக்குக்கூட வையுங்கள். கேமரா, ஹெட்லைட், சைடு மிரர், நம்பர் பிளேட் நான்கையும் விட்டுவிடுங்கள். நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்தால் அதே கையோடு ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.