‘தி’ என்னும் சொல்லின் தாம்பரத்து நிலை

ஆங்கில பாஷையில் பெயர்ச்சொல்லின் வாசலில் துவாரபாலகரைப் போல் நின்று, உயிரொலிக்கு முன் ‘தி’ என்றும் மெய்யொலிக்கு முன் ‘த’ என்றும் ரூபம் மாறி, நம் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களில் எண்ணற்ற மதிப்பெண்களை விழுங்கிய அந்த அற்பச் சொல்லுக்குத் தமிழில் நிகரே இல்லை என்று பண்டிதர்கள் கையை விரித்துவிடுவது நியாயந்தானா என்பதே இவ்வாராய்ச்சியின் விஷயம்.

பூர்வபக்ஷம் ரயிலில் உதித்தது. 1931 முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்குமாக ஓடும் மின்சார ரயிலில் எதிரே அமர்ந்திருந்தவர் ‘தி. நகர்’ போவதாகச் சொல்ல, ராதா நகர், அசோக் நகர், அண்ணா நகர் என எத்தனையோ நகர்கள் இருக்கப் புடவையும் பாத்திரமும் மலைமலையாய் விற்கும் ஒன்றையே ‘தி நகர்’ என்று விசேஷித்த முன்னோரின் இலக்கண ஞானத்தை நான் வியந்து, ஆயினும் நகர் மெய்யில் தொடங்குவதால் ‘த நகர்’ என்பதன்றோ சுத்தப் பிரயோகம் என்று அவரிடமே கேட்டேன். அது பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர்ச் சுருக்கம் என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டார்.

சித்தாந்தம் பிற்பாடு கிட்டியது. தமிழனின் ‘தி’ பெயருக்கு முன்னால் நிற்பதில்லை. இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ உருபாகப் பின்னால் ஒளிந்திருக்கிறது. உயர்திணையில் ஐ பெரும்பாலும் விடாமல் வருமாதலால் அஃறிணையில்தான் சான்று தேடவேண்டும் என்பார்க்கு, கல்யாணப் பேச்சு ஒன்றே போதும். ‘பெண் பார்க்கப் போனான்’ என்றால் இன்னும் எவளும் நிச்சயமில்லை. அதே பிள்ளை மறுவாரம் ‘பெண்ணைப் பார்க்கப் போனான்’ என்றாலோ, சத்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். ரயிலுக்கும் இதே நியாயம்: பகலெல்லாம் நாம் ‘ரயில் பிடித்து’ வருகிறோம், எதுவானாலும் சரியே, இரவின் கடைசி வண்டிக்கு எழும்பூர்ப் படிகளில் மூச்சிரைக்க ஓடியவன்தான் ‘ரயிலைப் பிடித்துவிட்டேன்’ என்கிறான்.

அப்படிப் பிடித்து, சானடோரியம் நிலையத்தில் இறங்கி (உலகில் சானடோரியங்கள் அநேகம், எங்களுக்கு ஐயும் வேண்டாம், தியும் வேண்டாம், ஒன்றே ஒன்றுதான்) நள்ளிரவில் வீடு சேர்ந்து, “இட்லி இருக்கிறதா?” என்றேன்.

“இட்லியைத்தான் உங்கள் பிள்ளை சாப்பிட்டுவிட்டானே” என்றாள் மனைவி.