ஜெராக்ஸ் எடுத்த பட்டம்

உதவித்தொகை கொடுத்தால் பையன்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று சொல்கிற கட்சி ஒன்று நம் ஊரில் நெடுநாளாக உண்டு. டீக்கடைதோறும் கிளை, வாட்ஸ்அப்பில் தலைமையகம். இந்தக் கட்சிக்காரர்கள் உதவித்தொகை மாணவன் ஒருவனையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்பது என் துணிபு. பார்த்திருந்தால் குற்றச்சாட்டையே மாற்றியிருப்பார்கள். அந்தப் பணம் அவனைச் சோம்பேறியாக்குவதில்லை, சம்பளமில்லாத குமாஸ்தாவாக்குகிறது.

எந்த அரசுக் கல்லூரி வாசலிலும் அவனைச் சுலபமாக அடையாளம் காணலாம். கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், கல்லூரி தந்த போனஃபைடு, எல்லாவற்றுக்கும் மும்மூன்று ஜெராக்ஸ். கடைசியில் ஒரு சின்னக் கவரில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பிளஸ் டூவில் எடுத்தது, மீசை இன்னும் வந்திருக்காது. மூன்றாவது யூனிட்டில் என்ன பாடம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். மனு வி.ஏ.ஓ.விடம் நிற்கிறதா, ஆர்.ஐ.யிடம் போய்விட்டதா, தாசில்தார் ஒப்புதலுக்குக் கிடக்கிறதா என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வான். சித்தாள் வேலை பார்க்கும் அம்மாவின் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடவில்லை என்பதை அவன் அரசுக்கு உறுதிப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு நடுவில் இனிஷியல் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் அது பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியிலோ அப்பா பெயரே முழுசாக. மூவரும் ஒருவரே என்று நிறுவுவதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிடும். அத்வைதத்துக்கே யாரும் இவ்வளவு அலைந்ததில்லை. பொறியியல் சேர்ந்தவனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேறு. அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர்கள் என்று வரிசையாக எழுதி, யாரும் பட்டம் வாங்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். குடும்பம் படிக்காமல் போனதற்குக் காசு பெறும் ஒரே இடம் இதுதான். அண்ணன் விளையாட்டாகத் தபாலில் பி.ஏ. முடித்திருந்தால் போயிற்று. அண்ணன் படித்ததற்காகத் தம்பி வருந்தும் காட்சியை வேறெங்கே பார்க்க முடியும்?

இப்போதெல்லாம் எல்லாமே ஆன்லைன்தானே என்பார்கள். ஆமாம், அலைச்சலும் ஆன்லைனுக்கு மாறியிருக்கிறது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகும்; அப்பா திருப்பூரில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார். ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் பணம் வரும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் மூன்று காலத்தில் மூன்று காரியத்துக்காகத் திறந்த கணக்குகளில் எது இணைந்திருக்கிறது என்பது வங்கிக்கே சந்தேகம். பணம் வந்துவிட்டதாகச் செய்தி இருக்கும், எங்கே வந்தது என்றுதான் தெரியாது.

சரிபார்க்காமல் பொதுப் பணத்தைக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாதுதான். ஆனால் சரிபார்ப்பதற்கும் அலையவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. வருமானம் மாறும், கேட்கலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் மாறாது. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் வருமான வரம்பு வைக்கவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதே பிரதானம். மாதம் 1,000 ரூபாய் போகிறது, கஜானா கவிழ்ந்துவிடவில்லை. அந்த ஆயிரத்தையும் பிரியாணிக்கும் ரீசார்ஜுக்கும் கரைக்கிறான் என்பது டீக்கடைக் கிளையின் கடைசி அஸ்திரம். நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். இதை வைத்துக்கொண்டு ஒருவன் கெட்டுப்போவதற்குத் தனித் திறமை வேண்டும். பிரியாணியை அவன் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில்தான் பார்க்கிறான், அதுவும் பரிமாறுகிறவனாக. சனி ஞாயிறு கேட்டரிங் வேலையில் கிடைக்கும் ஐந்நூறு, அறுநூறுதான் அவனுடைய நிஜமான உதவித்தொகை. அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம், கறுப்புப் பேன்ட் இருந்தால் போதும். ரீசார்ஜ் செய்வதும் உண்மைதான். செய்யாவிட்டால் ஓ.டி.பி. வராது.

எதிர்காலத் திட்டம் என்ன என்று அவனைக் கேட்காதவர்கள் கிடையாது. கேட்பவரைப் பார்த்துத்தான் பதில். அறக்கட்டளை நேர்காணலில் ஐ.ஏ.எஸ்.; கொடுப்பவருக்கும் ஒரு திருப்தி வேண்டுமல்லவா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்டால் ஆசிரியர் பணி. துறைத் தலைவர் கேட்டால் எம்.எஸ்சி., அப்புறம் ஆராய்ச்சி. அம்மாவிடம் மட்டும், "கவர்மென்ட் வேலைம்மா". இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கேற்ற விண்ணப்பம் எழுதப் பழகிய கை அது. உள்ளுக்குள் அவன் குறிவைத்திருப்பது குரூப் 4. பத்தாவது தேறினாலே எழுதக்கூடிய தேர்வுக்குப் பட்டதாரி போவதா என்று அங்கலாய்ப்பவர்கள், கல்லூரிக் காலம் முழுக்க அவன் உண்மையில் பயின்றது எதை என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வில் வி.ஏ.ஓ. பதவியும் இருக்கிறது. கவுன்டருக்கு வெளியே நின்று இவ்வளவு கற்றவன் உள்ளே போய் உட்கார ஆசைப்படுவதில் என்ன தப்பு? உட்கார்ந்தபின் அடுத்த பையனை அலையவிடுவானா மாட்டானா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நாற்காலிக்கு அப்படியொரு சுபாவம். அதற்குமுன் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத இடத்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில்தான் படித்தான் என்று சான்று வேண்டும். கூடப் படித்தவர்கள் தேர்வு முடிவு வந்தபிறகுதான் பழைய பள்ளியைத் தேடி ஓடுவார்கள். இவன் அதைக் கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே வாங்கிவிட்டான்.