வரன் தேவை

மீட்கப்பட்ட ஐந்து மாதப் பெண் நாய்க்குட்டிக்கு வீடு தேடுவது, கல்யாணத் தரகு வேலையேதான். “நிறம் கறுப்பா? வேண்டாங்க.” “பெண்ணா? குட்டி போடுமே!” கருத்தடை செய்து தருகிறோம் என்றால், “லேப்ரடார் இருந்தா சொல்லுங்க.” சென்னை வெயில் பழகிய நாட்டு நாய் இலவசமாக வாசலில் நிற்க, பனிப்பிரதேச ஹஸ்கியைக் காசு கொடுத்து வாங்கி ஏசி மாட்டுகிறார்கள்.

அடுத்த சாக்கு, “எங்க சங்கம் விடாதுங்க.” அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. சங்கச் செயலாளருக்குத்தான் அந்தத் தபால் இன்னும் கிடைக்கவில்லை.

குட்டியை எடுத்துக்கொள்ள ஒருவர் மட்டும் சம்மதித்தார். மூன்றே நிபந்தனைகள்: குரைக்கக் கூடாது, ஓடக் கூடாது, செருப்பைக் கடிக்கக் கூடாது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதில் இப்படியொரு குட்டி பொம்மைக் கடையில்தான் கிடைக்கும். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் செலவும் மிச்சம்.