பிடிபட்ட இடமும் பிழைத்த இடமும்: அமரவிளைச் செக்போஸ்ட்டை முன்வைத்து ஒரு நினைவகச் சிதைவாய்வு

"செத்த இடம் வேறு, கொன்ற இடம் வேறு." இக்கட்டுரையின் ஒரே நூற்பா இது, நம்முடையதே. எஞ்சியதெல்லாம் உரை.

நிலமும் பொழுதும் சொல்லாமல் கருப்பொருளுக்குப் போவது மரபன்று. நிலம், அமரவிளை. பொழுது, வெள்ளிக்கிழமை மாலை. கருப்பொருள்: கட்டன்சாயா, பழம்பொரி, சி மொழியில் எழுதிய பைத்தான் மொழிபெயர்ப்பி. உரிப்பொருள், இரங்கல்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை களியக்காவிளையை ஒட்டி விழுந்தது. செக்போஸ்ட் புகழ்பெற்றதோ பாறசாலையையும் தாண்டி உள்ளே, நெய்யாற்றை ஒட்டிய அமரவிளையில். இதை நிர்வாகத்தின் விந்தை என்று தள்ளுவோர் நுட்பம் அறியார். ரேஷன் அரிசி எல்லையைத் தாண்டிய கணமே கடத்தல் அரிசி ஆகிவிடுகிறது. ஆனால் அந்தக் கணத்தில் ஒன்றும் நடப்பதில்லை. லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு பாறசாலையைக் கடக்கிறது. டிரைவர் சாயா குடிக்கிறார். பிடிபடுவது பிறகு.

கணினியின் நினைவகச் சிதைவும் இவ்வண்ணமே. ஒருவன் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்தில் எழுதிவிடுகிறான். நிரல் சிரித்த முகத்தோடு ஓடுகிறது. நெடுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத எவனோ தன் இடத்தை யோக்கியமாகத் திருப்பிக் கொடுக்க வரும்போது, கணக்கு ஒவ்வாமல் சி மொழியின் நிரல் நூலகம் 'டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்' என்று அலறி எல்லாவற்றையும் நிறுத்துகிறது. மாட்டிக்கொண்டவன் யோக்கியன்.

இதற்கு மூலபாடம் பைத்தானின் அதிகாரபூர்வக் கையேட்டிலேயே இருக்கிறது. சி மொழியால் பைத்தானை நீட்டிப்பது பற்றிய நூலில் 'மெல்லிய பனிக்கட்டி' என்றொரு பகுதி. (பனிக்கட்டியை மீன்பெட்டியில் மட்டுமே கண்ட நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இத்தலைப்பின் திகில் முழுதாக ஏறாது.) பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனைபேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தன்னிடமே வைத்திருக்கும். எண்ணிக்கை சுழியானால் இடம் காலி. அடுத்து வருபவருக்குப் போய்விடும். கடனாகப் பிடித்தவர் மட்டும் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்.

கையேட்டின் கதை இது. பட்டியலின் முதல் உறுப்பை ஒருவர் கடனாகப் பிடிக்கிறார். பிறகு இரண்டாம் உறுப்பை மாற்றுகிறார். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் வெளியேற்றப்பட்ட பழைய இரண்டாமவர் தன் சாவுச் சடங்காக 'டெல்' என்னும் முறை ஒன்றை வைத்திருந்தால், அந்தச் சடங்குக்குள்ளேயே முதலாமவரையும் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம். முதலாமவரை வேறு யாரும் பிடித்திருக்கவில்லையென்றால் அவர் எண்ணிக்கை சுழி, ஆளும் காலி. கடன் பிடித்தவர் கையில் மிஞ்சுவது ஆளில்லாத முகவரி. உண்மைக் கதை என்றே கையேடு சொல்கிறது: பழைய பைத்தான் பதிப்பொன்றில் இவ்வகைப் பிழைகள் இருந்தன, தம் டெல் முறைகள் ஏன் தோற்கின்றன என்று அறிய யாரோ ஒருவர் சி டீபக்கரில் வெகுநேரம் செலவிட்டிருக்கிறார். பெயர் தரப்படவில்லை. பெயர் தொலைந்த சங்கப் புலவர்களுக்கு அவரவர் பாட்டிலிருந்தே பெயர் எடுத்த நம் மரபை ஒட்டி, இவரை 'வெகுநேரனார்' என்று வழங்க முன்மொழிகிறேன்.

வெகுநேரனாருக்குப் பின் வந்தோர் மூன்று மரபினர். மீண்டும் ஓட்டிப் பார்ப்போர் மரபைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது, பிரிண்ட் மரபு. பாறசாலையில் ரயிலேறிக் கழக்கூட்டத்துக்குப் போகும் எந்த டெக்னோபார்க் இளைஞரும் இதன் துயரைச் சொல்வார்: "பிரிண்ட் போட்டா வரல்ல அண்ணே, எடுத்தா வருது." வியப்பில்லை. அச்சிடும் வரியும் நினைவகம் கேட்கிறது; கேட்டதும் இடங்களின் வரிசை மாறுகிறது; சிதைவு யாரும் பார்க்காத மூலைக்கு நகர்ந்துவிடுகிறது. பிழை போகவில்லை. ஆள் மாறியிருக்கிறது.

மூன்றாவது, காவல் மரபு. 2002இல் வெளிவந்த வால்கிரிண்ட் ஒவ்வொரு நினைவக அணுகலையும் மறித்துப் பார்க்கும். நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும். கூகுளில் உருவாகி 2012இல் ஆய்வுரையாக வந்த அட்ரஸ் சானிடைசருக்கு ஏறக்குறைய இரு மடங்கு போதும். காலியான இடத்தை உடனே யாருக்கும் கொடுக்காமல், பிடித்த லாரியைப் போலச் சிலகாலம் நிறுத்தியும் வைக்கும்.

இங்கேதான் அமரவிளை மீண்டும் உதவுகிறது. செக்போஸ்ட் இருக்கும் ஊரில் ஊடுவழி இருக்கும். 512 பைட்டுக்கு மேற்படாத சிறு பொருள்களைப் பைத்தான் தன் சொந்த ஒதுக்கி வழியாகவே நடத்துகிறது; பெரிய சாலைக்கு வருவதில்லை. உள்ளே எத்தனை பொருள் செத்தாலும் வெளியே நிற்கும் வால்கிரிண்ட் கொட்டாவி விடும். ஆகவே 2016இன் 3.6 பதிப்பு முதல் 'பைத்தான்மாலாக்' என்ற சூழல்மாறி உண்டு. அதற்கு 'மாலாக்' என்று மதிப்புக் கொடுத்தால் ஊடுவழி அடைபடும். 'டீபக்' என்று கொடுத்தால் ஒவ்வொரு பொருளின் இருபுறமும் எஃப்டி என்ற காவல் பைட்டுகள் நிற்கும். செத்த இடம் முழுக்க டிடி என்று நிரப்பப்படும். (தூர்தர்ஷன் எனக் கொள்ளற்க.) சுட்டியின் உள்ளே டிடிடிடி என்று தெரிந்தால், பிணத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று பொருள். வெகுநேரனாரின் பிழைக்கு மருந்து இரண்டே வரி: பிடிக்கும்போது எண்ணிக்கையை ஒன்று கூட்டு, விடும்போது ஒன்று குறை.

முத்து அண்ணாமலை ஆக்கிய எழில் மொழியில் தமிழிலேயே நிரல் எழுதுவோர் தமக்கு இத்தொல்லை இல்லையென மகிழ வேண்டாம். எழில் பைத்தானில் எழுதப்பட்டது. வழக்கமான பைத்தான் சி மொழியில் எழுதப்பட்டது. கீழே சிதைந்தால் மேலே தமிழும் விழும்.

செக்போஸ்ட்டே வேண்டாம், லாரியில் ஏற்றும்போதே சோதித்தால் போயிற்று என்பார் ஒரு சாரார். இவர்கள் 2015இல் 1.0 கண்ட ரஸ்ட் மொழியினர். கடன் வாங்கியவர் எவர், எதுவரை என்பதைக் கம்பைலரே கேட்கும், நிரல் ஓடும் முன்பே. வாதம் வலுவானது, மறுக்க எனக்கு வகையில்லை. ஆயினும் அம்மொழியைக் கள ஆய்வு செய்ததில் அங்கும் ஓர் ஊடுவழி தென்பட்டது. முகப்பில் 'அன்சேஃப்' என்று பலகை வைத்திருக்கிறார்கள்.