ஓட்டக்களமும் ஒரு பரிசோதனையும்

கேள்வி: விளையாட்டில் பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்பதைத் தேகம் தீர்மானிக்க வேண்டுமா, மனம் தீர்மானிக்க வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓடுவது தேகம், ஆகையால் ஓட்டக்களத்தில் தேகத்தைப் பற்றிய விசாரணை நியாயமே. பருவமடையும் காலத்தில் டெஸ்டோஸ்டெரோன் ஆணுக்கு அளிக்கும் தசைவலிமையோடு மோத வேண்டியதில்லை என்ற உறுதியின்மேல்தான் பெண்கள் பிரிவே நிற்கிறது என்பதால், அதைக் காக்கக் கோரும் வீராங்கனைகளைத் துவேஷிகள் என்று தூஷிப்பது அநீதி. ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து சொல்லும் உரிமையை 2014-இல் நம் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்ததே, அதை வீதியிலும் உத்தியோகத்திலும் மனப்பூர்வமாக மதிக்க வேண்டும். பந்தயத்தின் கணக்கு வேறு.

ஆயினும் இயற்கை எப்போதும் இரண்டே பத்திகளுக்குள் அடங்கிவிடுவதில்லை. ஸ்பெயின் தேசத்துத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ, எக்ஸ்-ஒய் குரோமோசோம் உடையவர் என்று 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் விலக்கப்பட்டார்; அவருடைய சரீரமோ டெஸ்டோஸ்டெரோனை ஏற்கும் சக்தியே அற்றது என்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டு மறுபடி அனுமதிக்க 1988 ஆயிற்று. நம் புதுக்கோட்டைச் சீமையின் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் பெற்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினப் பரிசோதனையின் பேரில் இழந்ததோடு, அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டிய பரிசோதனை முடிவை ஊரெல்லாம் பேசக் கேட்ட அவமானத்தையும் சுமந்தார்.

உலகத் தடகளச் சங்கம் 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் போட்டியிடுவோருக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. செய்யட்டும், ஆனால் முடிவை மூடிய உறையிலிட்டு முதலில் அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள், பத்திரிகை நிருபரின் கையில் அல்ல.